அடியில்லாத கூடை

கிட்ட வந்து உட்காருங்கள். இன்னும் கொஞ்சம் கிட்ட. ஒரு ராஜாவைப் பற்றி மரியாதைக் குறைவாகப் பேசப் போகிறேன், அதைக் கத்திச் சொல்ல முடியாது.

கடம்பங்குளம் என்று ஒரு ராஜ்யம். எவ்வளவு சின்னது என்றால், ராஜா தும்மினால் பக்கத்து ராஜ்யத்துக்காரன் "நூறாயுசு" என்பான். ராஜா பேர் சண்டமாருதன். அந்த வருஷம் ஏரி மதகு இடிந்துபோயிற்று. மழைக்கு முன்னால் கட்டாவிட்டால் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்காது, ஒரு படி நெல் விளையாது. கஜானாவிலோ எலிதான் குடித்தனம் நடத்திற்று.

"ஆளுக்கொரு பொருள் கையால் செய்து கொடுக்கட்டும். ஏலம் போட்டு மதகைக் கட்டுவோம்" என்று யோசனை சொன்னவன் ஆவுடை. அரண்மனையில் அவனுக்கு என்ன உத்தியோகம் என்று யாருக்கும் தெரியாது. ராஜா கோபப்படும் நேரத்தில் பக்கத்தில் இருப்பான், அவ்வளவுதான்.

ஊர் மொத்தமும் கொடுத்தது. தறிக்காரர் துண்டு, குயவர் மண்குதிரை, தச்சர் மரப்பாச்சி. கைவேலை தெரியாதவர்கள் ஓலைக்கட்டும் நூல்கண்டும் சாயப்பொடியும் வாங்கிவந்து, செய்கிறவர்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள்.

ராஜாவுக்கும் ஆசை வந்தது. அங்கேதான் வந்தது வினை.

"நானும் ஒரு கூடை முடைகிறேன்" என்றார். கூடைக்காரி குருவம்மாளைக் கூட்டிவந்தார்கள்.

"அடியைப் பின்னிட்டுத்தான் மேலே ஏறணும் சாமி" என்றாள் அவள்.

"அடியில் தொடங்குவது குடிகளின் வழக்கம். நான் ராஜா. மேலிருந்துதான் தொடங்குவேன்."

"மழைதான் சாமி மேலேருந்து வரும். கூடை வராதுங்க."

கேட்டாரா? ஒன்பது நாள் முடைந்தார். விளிம்பு நன்றாகத்தான் வந்தது. அடிக்கு வந்து சேருமுன்னே ஓலை தீர்ந்துவிட்டது. பொறுமை ஏழாம் நாளே தீர்ந்திருந்தது. ஆவுடை கூடைக்குள் எட்டிப் பார்த்தான். அந்தப் பக்கம் குருவம்மாள் முகம் தெரிந்தது. அவளிடம் ஒரு பிடி ஓலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

ஏல நாளும் வந்தது. கடம்பங்குளத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஏலம் எடுத்தவன், எடுத்த பொருளைத் தலையில் வைத்துக்கொண்டு மேளதாளத்தோடு நாலு வீதியும் சுற்றிவர வேண்டும். இப்போது யோசித்துப் பாருங்கள். அடியில்லாத கூடையைத் தலையில் வைத்தால் அது எங்கே போய் நிற்கும்?

முதல் பொருளே ராஜாவின் கூடை. ஆவுடை ஏலம் கூறினான். ஒருவர் வாயும் திறக்கவில்லை. சபையிலிருந்த நாற்பது பெரிய மனிதர்களும் கூரையில் பல்லியை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

பிரதானி ஏகாம்பரத்துக்கு ஆவுடையைக் கண்டால் ஆகாது. ராஜாவின் காதருகே குனிந்தார். "தங்கள் கூடை கிடக்க, குயவன் குதிரை விலைபோனால் நாலு பேர் என்ன சொல்வார்கள் மகாராஜா?"

ராஜாவின் மீசை துடித்தது. "ஓய் ஆவுடை, பொழுது சாய்வதற்குள் கூடை போகவில்லை என்றால் ஏலமே கிடையாது. நீயும் இந்த ஊரில் கிடையாது."

மதகும் போச்சு, வீடும் போச்சு. ஆவுடை தலையைச் சொறிந்தான். பிறகு கும்பிட்டான்.

"தப்பு என்னுடையது மகாராஜா. தங்கள் கைவேலைக்கு விலை சொல்ல இவர்கள் யார்? அதனால்தான் வாயடைத்து நிற்கிறார்கள். முறையை மாற்றுகிறேன். ஒவ்வொருவரும் ஒரே ஒரு தரம் வந்து, மதகுக்கு மனசுபோலப் போடட்டும். அதிகம் போட்டவருக்கு ராஜபக்தி நிறைய இருக்கிறது, அவருக்குக் கூடை எதற்கு? எல்லோரிலும் குறைவாகப் போடுகிறவர் இருக்கிறாரே, அவருக்குத்தான் பக்தி போதாது. கூடை அவர் வீட்டுக்குப் போகட்டும். தினமும் பார்த்துப் பார்த்து வளர்த்துக்கொள்ளட்டும்."

"பலே" என்றார் ராஜா.

சபையில் நாற்பது முகங்களும் வெளுத்தன. பின்வரிசைக்காரர்கள் மடியை அவிழ்த்தார்கள்.

"முதல் மரியாதை யாருக்கு?" என்றான் ஆவுடை.

ஏகாம்பரம் எழுந்துவிட்டார். கல்யாணப் பந்தியோ கருமாதிப் பந்தியோ, முதல் இலை அவருக்குத்தான். இல்லாவிட்டால் பந்தியே நடக்காது. நெஞ்சை நிமிர்த்தி வந்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி பத்துப் பொன் போட்டார்.

அடுத்தவர் பதினொன்று போட்டார். அதற்கடுத்தவர் பன்னிரண்டு. கஞ்சப்பிசினாறி என்று பேர்போன ஒருவர் சம்சாரத்தின் வளையலையும் சேர்த்துக் கழற்றிப் போட்டார். பத்துக்குக் கீழே ஒருவர் போடவேண்டுமே? போடவில்லை.

"இன்னொரு தரம் போடுகிறேன்" என்றார் ஏகாம்பரம்.

"முதல் மரியாதையை இரண்டு தரம் வாங்கினால் மற்றவர்களுக்கு வருத்தமாக இருக்காதா, பிரதானி?" என்று சொல்லிக்கொண்டே ஆவுடை கூடையைத் தூக்கி அவர் தலையில் வைத்தான். அது தலையில் எங்கே நின்றது? காதைத் தாண்டி, மூக்கைத் தாண்டி, தோளில் போய் உட்கார்ந்தது. உள்ளேயிருந்து பிரதானி முழித்தார்.

சபை சிரிப்பை அடக்கப் பார்த்தது. அடக்க முடியாதவர் ராஜாதான். தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்தவர் நடுவில் நிறுத்தினார்.

"ஆவுடை. இவர்களெல்லாம் என் கூடையை வாங்கப் போடவில்லை. வாங்காமல் தப்பிக்கப் போட்டிருக்கிறார்கள். அப்படித்தானே?"

"மதகுக்கு இரண்டும் ஒன்றுதான் மகாராஜா."

"அது கிடக்கட்டும். ஊருக்கெல்லாம் யோசனை சொன்னாயே, நீ உன் கையால் என்ன செய்தாய்?"

ஆவுடை துணிமூட்டையை அவிழ்த்தான். வட்டமாகப் பின்னிய ஓலைத்தட்டு ஒன்று. ராஜாவின் கூடைக்கு அளவெடுத்த மாதிரி ஒரு அடி.

ராஜா கூடையைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். தன் ஒன்பது நாள் உழைப்பு முழுக்கூடையாகப் போகிறதே என்று அவருக்குக் கண் மின்னிற்று.

"என் சொந்தப் பெட்டியிலிருந்து நூறு பொன்."

"ஒரு தரம், இரண்டு தரம், மூணு தரம்" என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தான் ஆவுடை. பிறகு நாலு வீதி சுற்ற மேளக்காரர்களை வாசலுக்குப் போகச் சொன்னான். பயபக்தியோடு ராஜாவின் கிரீடத்தைக் கழற்றி, கூடைக்குள் இருந்த பிரதானியிடம் கொடுத்துவிட்டு, ஓலைத்தட்டை ராஜாவின் தலையில் வைத்தான்.