ஏற்றத்தில் கொதித்த கார்

"எனக்குக் கோபம் போயிருச்சும்மா. கூடவே வீட்டுக்காரியும் போயிட்டா. இது என்ன நியாயம்?" என்று கேட்டார் சோலைமலை.

ஞானாம்பிகை அம்மா காரின் முன்சீட்டில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கார் தாண்டிக்குடி மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தது. ஓட்டியவர் சோலைமலை. பஸ் டெப்போவில் இன்ஜின் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஞானாம்பிகை அவரைவிட வயதில் இளையவர். தியானம் கற்றுக்கொடுக்கிறவர் என்பதால் சோலைமலைக்கு அவர் அம்மா. அவருக்கு இவர் அண்ணே.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சோலைமலையின் ஒரே மகன் பைக் விபத்தில் இறந்துபோனான். அன்றிலிருந்து மனைவி பஞ்சவர்ணம் கத்தாத நாள் இல்லை. சோலைமலை அம்மாவிடம் வந்து மூச்சைக் கவனிக்கக் கற்றுக்கொண்டார். அவள் கத்த ஆரம்பித்தால் இவர் கண்ணை மூடிவிடுவார். நல்ல மாணவர்தான், அதில் குறை சொல்ல முடியாது.

போன மாதம் பஞ்சவர்ணம் தாண்டிக்குடியில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். இன்று காலையில் போன் வந்தது. "சாயங்காலத்துக்குள்ள வந்து பேசுங்க. இல்லேன்னா நான் இங்கயே இருந்துக்கிறேன். அப்புறம் வரவே வேணாம்."

அதனால்தான் இந்தப் பயணம். அம்மா ஒரு வார்த்தை சொன்னால் அவள் கேட்பாள் என்று சோலைமலைக்கு ஒரு நம்பிக்கை.

"பொறுத்தார் பூமியாள்வார்ங்கிறாங்க. நானும் பொறுத்தேன். வீடு கூட மிஞ்சலையே."

அம்மா மடியில் இருந்த பையைச் சரிசெய்துகொண்டார்.

"ஒருநா சொம்பத் தூக்கி எறிஞ்சாம்மா. நான் வாயத் தொறக்கல. எடுத்துக் கழுவி, இருந்த எடத்துல வச்சேன்."

"கழுவுனீங்களா?"

"ஆமாம்மா." அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை.

அம்மா மறுபடியும் மலையைப் பார்க்கத் தொடங்கினார்.

முன்னால் ஒரு லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. முந்த இடமில்லை. இவர்களும் அதன் பின்னாலேயே ஊர்ந்தார்கள்.

சூடு காட்டும் முள் மேலே ஏறியது. சிவப்பைத் தொட்டது. பானெட்டின் ஓரத்தில் ஆவி வந்தது.

சோலைமலை ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தார்.

பானெட்டைத் தூக்கியதும் அம்மா ரேடியேட்டர் மூடியைத் தொடக் கையை நீட்டினார்.

"தொடாதீங்கம்மா. இப்பத் தொறந்தா மூஞ்சி வெந்துரும்."

"என்ன செய்யணும்?"

"ஆறணும். வேற வழியில்ல."

அம்மா சாலையோரக் கல்லில் போய் உட்கார்ந்தார். பையிலிருந்து கொய்யாப்பழம் எடுத்துக் கடித்தார். சித்திரை வெயில் மலையிலும் விடவில்லை. சோலைமலைக்கு இருப்புக்கொள்ளவில்லை. காரைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"சொன்னாச் சொன்னதுதாம்மா அவ. பொழுது சாஞ்சா கதவச் சாத்திருவா."

"பதறாத காரியம் சிதறாது. பழம் தின்னுங்க."

அவர் தின்னவில்லை.

ஆறிய பிறகு மூடியைத் திறந்து பார்த்தார். தண்ணீர் கொஞ்சம்தான் குறைந்திருந்தது. ஊற்றி நிரப்பினார். குழாய்களைத் தடவிப் பார்த்தார். ஒழுகல் இல்லை. இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தார். முள் ஏறியது. ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் மின்விசிறி சுற்றவில்லை. ஃபியூஸை மாற்றினார். சுற்றவில்லை. ஸ்பேனரால் மோட்டாரைத் தட்டினார். அதற்கும் அசையவில்லை.

இன்ஜினை அணைத்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

"மோட்டார் போச்சும்மா. வேகமாப் போனா காத்து வாங்கிக்கும். ஏத்தத்துல மெதுவாப் போகையில விசிறி இல்லாம முடியாது."

"அப்ப இன்ஜின்ல கோளாறு இல்லையா?"

"இன்ஜின் தங்கம்மா. ஓடுற இன்ஜின் சுடத்தான் செய்யும், அது தப்பில்ல. அந்தச் சூட்ட வாங்கிக்க ஆளில்லேன்னாத்தான் கொதிக்கும்."

அம்மா கொய்யாவை மெல்வதை நிறுத்தினார்.

"இன்னொரு தடவ சொல்லுங்க அண்ணே."

அம்மாவுக்குக் காது மந்தமாகிவிட்டதோ என்று நினைத்த சோலைமலை, அதையே சத்தமாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். சொன்னவருக்குத்தான் அது கேட்கவில்லை.

"சரி. விசிறி இல்லாம அந்தச் சூட்ட எறக்க வழியே கிடையாதா?"

"ஒண்ணு இருக்கு. இது முன்னால ஊட்டிக்காரர் வச்சிருந்த வண்டி. குளிருக்கு ஹீட்டர் இருக்கு. அதப் போட்டா இன்ஜின் சூட்டுல பாதி காருக்குள்ள வந்துரும். இன்ஜின் தப்பிச்சுக்கும். ஆனா நாம வெந்துருவோம்மா. இந்த வெயில்ல ஹீட்டர் போடுறவன ஊரே பாத்துச் சிரிக்கும்."

"போடுங்க."

"அம்மா..."

"போடுங்க அண்ணே."

போட்டார். கண்ணாடிகளை எல்லாம் இறக்கிவிட்டுத்தான் கிளம்பினார்கள். இருந்தும் அடுப்படிக் காற்று மாதிரி முகத்தில் அடித்தது. முதல் வளைவுக்குள் சட்டை நனைந்துவிட்டது.

அடுத்த வளைவில் தாங்க முடியாமல் ஹீட்டரை அணைத்தார். முள் சரசரவென்று ஏறியது. மறுபடி போட்டார். முள் இறங்கியது.

அதற்குப் பிறகு அவர் கை அந்தப் பக்கம் போகவில்லை.

எதிரே பஸ்ஸில் வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சோலைமலைக்கு வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. ஓட்டிக்கொண்டிருந்ததால் கண்ணை மூட முடியவில்லை.

வெகுநேரம் கழித்து, யாரும் கேட்காமலே பேசினார்.

"அவ கத்துறது என்னன்னு உங்ககிட்ட நான் சொன்னதில்லம்மா."

அம்மா அவர் பக்கம் திரும்பினார்.

"வேணாம் வேணாம்னு அவ தலையால அடிச்சுக்கிட்டா. அந்த பைக்க நான்தான் வாங்கிக் குடுத்தேன். அதத்தான் தெனமும் சொல்றா."

"நீங்க என்ன சொல்லுவீங்க?"

"நான்தான் கண்ண மூடிருவேனே."

கார் ஏறிக்கொண்டிருந்தது. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கையை நீட்டி, நடுவில் இருந்த சூட்டுக்காற்றுத் துவாரத்தைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பிவைத்துக்கொண்டார். சோலைமலை அதைப் பார்த்தார். பிறகு பாதையைப் பார்த்து ஓட்டினார்.

வெயில் தாழும் நேரத்தில் தாண்டிக்குடி வந்தது. வீட்டு முன்னால் காரை நிறுத்தினார். கதவை இன்னும் சாத்தவில்லை.

"வாங்கம்மா."

"நான் எதுக்கு? நீங்க போங்க. நான் இந்த மரத்து நெழல்ல உக்காந்திருக்கேன்."

"நீங்க வந்து ஒரு வார்த்தை..."

"என்னால இதுக்கு மேல வேக முடியாது அண்ணே. போங்க."

சோலைமலை தனியாகப் போனார்.

பஞ்சவர்ணம் வாசலில் நின்றாள். அவர் வேர்த்து விறுவிறுத்து வந்த கோலத்தைப் பார்த்தும் அவளுக்கு இரக்கம் வரவில்லை. எடுத்த எடுப்பிலேயே ஆரம்பித்தாள். பைக்கைச் சொன்னாள். அதை வாங்கிய நாளன்று அவர் மாலை போட்டுக் கும்பிட்டதைச் சொன்னாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனபோதும் இந்த மனுஷன் அழவில்லை என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.

பழக்கத்தில் அவருடைய கண் மூடப் பார்த்தது. விடவில்லை. மூச்சு தன்னை எண்ணச் சொன்னது. எண்ணவில்லை. ஒவ்வொரு வார்த்தையும் உள்ளே இறங்கியது. இறங்கின இடம் எல்லாம் வலித்தது.

"ஆமா. நான்தான் வாங்கிக் குடுத்தேன்," என்றார். அவருக்கு அழுகை வந்துவிட்டது.

பஞ்சவர்ணம் நிறுத்தினாள். அவரையே பார்த்தாள்.

"இன்னும் இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு."

"சொல்லு."

வாசற்படியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் குரல் இறங்கியிருந்தது.

"அன்னைக்கு அவன் தூங்கிக்கிட்டுதாங்க இருந்தான். எழுப்பிக் கடைக்கு அனுப்புனது நான்தான்."