லாபம் என்று அளந்த அமைச்சர்

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று கேட்காதீர்கள், ஓர் அரசர் இருந்தார். வயிறு நிறையச் சாப்பிட்டால் அவருக்குச் சந்தேகம் வரும். ஒரு நாள் பாயசத்துக்குப் பிறகு வந்தது: "எண் என்பது மனிதனோடு பிறக்கிறதா, பிறர் சொல்லி வருகிறதா?"

"விரல்களோடு பிறக்கிறது, அரசே" என்றார் வைத்தியர்.

"வாத்தியாரின் பிரம்போடு வருகிறது" என்றார் புலவர்.

விகடகவி சாத்தன்மேல் நெடுநாளாகப் பொறாமை கொண்டிருந்த அமைச்சர் விடங்கர் எழுந்தார். "சோதித்துப் பார்க்கலாம், அரசே. எண்ணே காதில் விழாமல் ஒரு குழந்தையைத் தனி மாளிகையில் வளர்ப்போம். சாத்தனுக்குப் பெண் பிறந்திருக்கிறது. இன்னும் தொட்டிலில்கூடப் போடவில்லை. தாயை மட்டும் பிரித்துவிட்டால் போதும்."

அரசருக்குப் பிடித்துவிட்டது. மறுநாளே குழந்தை வரவேண்டும் என்றார்.

வீட்டில் சாத்தனின் மனைவி ஆவுடை பிள்ளையை இறுக அணைத்துக்கொண்டாள். "உங்க விகடமெல்லாம் ஊருக்குத்தானா? எம் பிள்ளையைக் குடுத்துட்டு வந்து என்னைச் சிரிக்க வைப்பீங்களோ?"

சாத்தன் இரவெல்லாம் யோசித்தான். விடிந்ததும் சபைக்குப் போனான்.

"அரசே, பிள்ளையைத் தருகிறேன். ஆனால் மாளிகைக் காவலர் மனதில் எண் இருந்தால் எப்படியும் வாயில் கசியும். அவர் எண்ணினார் என்று தெரிந்தால் பதவி போகவேண்டும். இந்தப் பெரும் பொறுப்புக்கு விடங்கரைத் தவிர யார் இருக்கிறார்கள்?"

விடங்கர் மீசையை நீவிக்கொண்டு சத்தியம் செய்தார்.

"நல்லது" என்றார் அரசர். "மாளிகைச் செலவுக்குப் பத்து மரக்கால் நெல்லை நீரே அளந்து அனுப்பும். நெல் போனதும் குழந்தை வரட்டும்."

நெல் சுமக்கத் தன் தெருவையே அழைத்து வந்தான் சாத்தன். களஞ்சியத்தில் விடங்கர் முதல் மரக்காலைச் சாய்த்து, "லாபம்" என்றார். நெல் அளப்பவர்கள் ஒன்று என்று சொல்லாமல் அப்படித்தான் தொடங்குவார்கள். அடுத்ததற்கு வாயைத் திறந்தவர் திடுக்கிட்டு மூடிக்கொண்டார். பிறகு மெல்ல, "லாபம்" என்றார். அதற்கடுத்ததும் லாபம்தான்.

கூடைகள் நிறைந்து நிறைந்து போயின.

"போதும்" என்றார் விடங்கர்.

"பத்து ஆயிற்றென்று எப்படித் தெரியும், சுவாமி? எண்ணினீர்களோ?" என்றான் சாத்தன்.

"இல்லையில்லை! லாபம்!"

"சாமிக்கு உதடு அசையுதே" என்றாள் ஒரு கூடைக்காரி. "உள்ளுக்குள்ள எண்ணுறாப்ல இருக்கு."

"இல்லை, தாயே! லாபம்! லாபம்!"

மதியம் அரசர் எட்டிப் பார்த்தார். கூரையை முட்டிய குவியல் இடுப்பளவுக்கு இறங்கியிருந்தது. "அடப்பாவி! எத்தனை மரக்கால் போயிற்று?"

விடங்கர் வியர்க்க வியர்க்கக் கும்பிட்டார். "லாபம், அரசே."

"யாருக்கு?" என்று கத்தினார் அரசர்.

சாத்தன் முன்னே வந்தான். "குவியலைக் கண்டதும் குறைந்துவிட்டதென்று பதறினீர்களே, அரசே, அதை யாராவது சொல்லித் தந்தார்களா? அது கூடவே பிறந்தது. எத்தனை குறைந்தது என்றுதான் தெரியவில்லை. அது பிறர் சொல்லித் தந்து வருவது. சந்தேகம் தீர்ந்தது. இனியும் என் பிள்ளை வேண்டுமா?"

அரசர் நெல்லைப் பார்த்தார். விடங்கரைப் பார்த்தார். வயிறு குலுங்கச் சிரித்துவிட்டார். "உன் பெண் தாயிடமே வளரட்டும். போன நெல்லெல்லாம் அவளுக்கு நாம் செய்த சீர்."

கடைசிவரை எண்ணாததால் விடங்கரின் பதவி தப்பியது. எண்ணியிருந்தால் நெல்லாவது தப்பியிருக்கும்.