சக்கரத்தடியில் நான்கு எலுமிச்சை

பொள்ளாச்சியில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் ஜெசிந்தாவிடம் திட்டு வாங்கியவர்கள். அவர் டிரைவிங் ஸ்கூல் ஆரம்பித்து முப்பது வருஷமாகிறது. டாக்டரோ வக்கீலோ, தோப்புக்காரரோ, சீட்டில் உட்கார்ந்துவிட்டால் எல்லாருக்கும் ஒரே மரியாதைதான். "ரோட்டைப் பாருங்க. என் மூஞ்சியில என்ன இருக்குது?" ஊரே அவரை வாத்தியாரம்மா என்றுதான் கூப்பிடும்.

ஆவணி மாசம் ஒரு காலையில் திருமூர்த்தி ஆட்டோவில் வந்து இறங்கினார். கயிறு மில் வைத்திருக்கிறவர். வாத்தியாரம்மாவிடம் முதன்முதலில் ஓட்டப் பழகியவர்களில் ஒருவர், வயசில் அவரைவிட நாலைந்து மூத்தவர். சர்க்கரை வியாதியில் இடது கால் போய், முழங்காலுக்குக் கீழே இப்போது இருப்பது செயற்கைக் கால். அவருடைய சம்சாரம் வசந்தாமணி தவறி ஆறு மாசம் ஆகியிருந்தது.

"ஏனுங்ணா, ஆட்டோவுலயா?"

"வேற எதுல வர்றதுங்க?"

"ஷெட்ல ஒண்ணு சாமியாட்டம் நிக்குதே."

"அதைப் பத்திக் கேக்கத்தானுங்க வந்தேன்."

அந்தக் காரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஜப்பானிலிருந்து வந்தது. இரண்டே கதவு, கருநீலம், பேய் மாதிரி ஓடக்கூடிய எஞ்சின். யாரோ ஒரு பணக்காரர் ஆசைப்பட்டு இறக்கி, ஓட்டப் பயந்து விற்றது. திருமூர்த்தி அதைக் கோயமுத்தூரிலிருந்து வீட்டுக்கு ஓட்டி வந்ததோடு சரி. பதினோரு வருஷமாக ஷெட்டில் நிற்கிறது. மீட்டரில் இரண்டாயிரம் கிலோமீட்டர்கூட ஏறவில்லை. சீட்டில் போட்டு வந்த பிளாஸ்டிக் உறை இன்னும் சீட்டிலேயே இருக்கிறது.

வசந்தாமணி வால்பாறைக்காரி. டீ எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர். கார் வந்த அன்றைக்கு, "உன்ன இதுல ஒக்கார வெச்சு, நாப்பது கொண்டை ஊசி வளைவும் ஏறி, உங்கம்மா வீட்டு வாசல்ல கொண்டு போய் நிறுத்தறேன் பாரு" என்று திருமூர்த்தி சொன்னார். சொன்னதோடு சரி. மழை பெய்தால் சேறு அடிக்கும், வெயில் அடித்தால் பெயின்ட் வெளுக்கும், முகூர்த்த நாளென்றால் ரோட்டில் கூட்டம். ஒவ்வொரு தடவையும் அம்மா வீட்டுக்குப் பஸ்ஸில்தான் போனார்கள். அந்தம்மா முந்தானையில் ஓர் எலுமிச்சம்பழத்தை முடிந்து வைத்துக்கொண்டு, அதை முகர்ந்து முகர்ந்து, அப்படியும் எட்டாவது வளைவில் வாந்தி எடுப்பார்.

ஆயுத பூஜைக்கு மட்டும் காரின் உறையைக் கழற்றுவார்கள். வசந்தாமணி சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் முன்னால் நாலு எலுமிச்சம்பழம் வைப்பார். எல்லார் வீட்டிலும் அதற்கப்புறம் வண்டியைக் கிளப்பி, பழத்தின் மேல் ஏற்றி நசுக்கிவிட்டு, தெருவில் ஒரு சுற்றுச் சுற்றி வருவார்கள். இவர் ஸ்டார்ட் மட்டும் பண்ணுவார். எஞ்சின் உறுமும், அணைத்துவிடுவார். பழம் அப்படியே கிடந்து காயும். அடுத்த வருஷம் அந்தம்மாவே பழசைப் பொறுக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வைப்பார். எத்தனை பொறுமை இருந்தால் ஒரு பொம்பளை இதைப் பதினோரு வருஷம் செய்வார் என்று நினைத்தால் நமக்கே ஆத்திரமாக வருகிறது.

"சொல்லுங்க. வண்டிக்கு என்ன?"

"கிளட்ச்சுதானுங்க. இந்தக் காலுக்கு அது எங்க புடிக்குதுன்னே தெரியறதில்ல. ஷெட்ல ஒக்காந்து மிதிச்சுப் பாத்தேன், வழுக்கிட்டுப் போகுது."

"சரி."

"கோயமுத்தூர்ல ஒரு ஒர்க்ஷாப்காரரு கையால அமுக்கற மாதிரி கிளட்ச் வெச்சுத் தரேங்கறாரு. பெடலை எடுத்துட்டு, தரையில ஓட்டை போட்டு, கியருக்குப் பக்கத்துல ஒரு லிவரு. பத்து நாள் வேலையாமா. அப்புறம் நானே ஓட்டிக்கலாம்."

"பண்ணிக்கங்க."

"பெங்களூர்ல பழைய காரு சேத்து வெக்கறவரு ஒருத்தரு இருக்காருங்க. அவரு வெலைக்குக் கேட்டுக் கதற்றாரு. கம்பெனியிலிருந்து எப்படி வந்துச்சோ அப்படியே இருக்கற வண்டி, நாட்டுலயே இன்னொண்ணு இருக்காது, ஒரு ஸ்குரூ மாத்துனாலும் போச்சு, மறுபடி அதை யாரும் திருப்பித் தர முடியாதுங்கறாரு. அதுவும் நெசந்தானுங்களே?"

"நெசந்தான்."

"ராத்திரி தூக்கமில்லீங்க வாத்தியாரம்மா. வெட்டலாமா, வேண்டாமா? நீங்க சொன்னா அப்படியே செஞ்சர்றேன்."

வாத்தியாரம்மா அவருடைய செயற்கைக் காலைப் பார்த்தார்.

"டாக்டரு மொதல்ல எதை எடுக்கணும்னு சொன்னாரு?"

திருமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டார். "கால் சுண்டு வெரலைங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆத்தா பெத்த ஒடம்பு, அப்படியே இருக்கட்டும்னேன்."

வாத்தியாரம்மா ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். வாசலில் எல் போர்டு மாட்டிய வெள்ளைக் கார் நின்றது. திருமூர்த்தி நொண்டிக்கொண்டே இடது பக்கக் கதவுக்குப் போனார்.

"அது என்ற எடம். நீங்க அந்தப் பக்கம் ஏறுங்க."

"நானுங்களா? கால்..."

"ஏறுங்கன்னா."

அவர் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தார். வாத்தியாரம்மா பக்கத்தில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். அவர் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக். பழக வருகிறவர்கள் தடுமாறினால் வாத்தியாரம்மா மிதிப்பதற்கு.

"கியரு மாத்தறப்ப சொல்லுங்க. நான் அமுக்கறேன்."

முதலில் இரண்டு தடவை வண்டி குலுங்கி நின்றது. திட்டு விழுந்தது. பல்லடம் ரோடு முக்கில் பஸ்காரன் ஹாரன் அடித்தே கொன்றான். அவனுக்கும் திட்டு விழுந்தது. ஊரைத் தாண்டுவதற்குள் திருமூர்த்தியின் வாய் பழகிவிட்டது. "கிளட்ச்" என்பார், அந்தம்மா அமுக்குவார், இவர் கியர் போடுவார். அப்புறம் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. எஞ்சின் சத்தத்தை வைத்தே வாத்தியாரம்மாவின் கால் போய் வந்தது. ஆழியார் ரோட்டில் இரண்டு பக்கமும் தென்னை. திருமூர்த்தி ஒன்பது மாசத்துக்கப்புறம் வண்டி ஓட்டினார். சின்னப் பையன் மாதிரி சிரித்தார்.

"மறக்கலீங்க வாத்தியாரம்மா!"

"எப்படி மறக்கும்? மூணே நாள்ல கிளட்ச் பழகிட்டேன்னு அன்னிக்கு வசந்தாமணிகிட்டப் பீத்திக்கிட்டீங்களே. அப்பவும் என்ற காலுதான்."

"அப்படீங்களா?"

"நாலாவது நாள்தான் எடுத்தேன். உங்களுக்குத் தெரியாது."

அவர் இன்னும் பலமாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்தவருக்கு எப்போது அழுகை வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. வண்டியை ஓரம் கட்டினார். எதிரே ஆழியார் அணையின் கரையும் அதற்குப் பின்னால் மலையும். முதல் வளைவு அங்கிருந்து கூப்பிடு தூரம்தான்.

அழட்டும் என்று வாத்தியாரம்மா விட்டுவிட்டார்.

"மேல போலாமுங்களா?" என்று கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்.

"வேண்டாமுங்க. அந்த வண்டியிலதான் கூட்டிட்டுப் போறேன்னு அவகிட்டச் சொல்லியிருக்கேன்."

"கேக்கறதுக்கு அவ இல்லீங்ணா."

"தெரியுமுங்க." முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். பிறகு அந்தம்மாவின் காலடியைப் பார்த்தார். "இந்த ரெண்டாவது கிளட்ச்சு... வண்டியில ஓட்டை போட்டுத்தான வெச்சீங்க?"

"ஆமா. புது வண்டியில. டெலிவரி எடுத்த அன்னிக்கே."

"மனசு வலிக்கலீங்களா?"

"வலிக்காம? டிரில் போடறப்ப நான் டீக்கடைக்குப் போயிட்டேன். அடுத்த நாள் காலையில ஒரு நர்சம்மா பழக வந்தாங்க. ஏத்திட்டுப் போனேன்."

திரும்பி வரும்போது திருமூர்த்தி நன்றாகவே ஓட்டினார். தன் வீட்டு வாசலில் நிறுத்தி, "உள்ள வாங்க. ஒருக்கா அதைப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்றார்.

ஷெட்டின் ஷட்டரைத் தூக்கினார்கள். உள்ளே இருட்டு, எலி மருந்து வாசனை. அவரே கஷ்டப்பட்டுக் காரின் உறையை உருவினார். கருநீலம் பளபளவென்று தெரிந்தது. அழகான வண்டிதான், பொய் சொல்லக் கூடாது.

வாத்தியாரம்மா இடது பக்கக் கதவைத் திறந்தார்.

"இதுல ஒக்காருங்க."

"அந்தப் பக்கமுங்களா? நான் அதுல ஒக்காந்ததே இல்லீங்க."

"யாருமே ஒக்காந்ததில்லையா?"

திருமூர்த்தி இல்லையென்று தலையாட்டினார். பிறகு சீட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். பிளாஸ்டிக் மொடமொடவென்று சத்தம் போட்டது. காலைத் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டு, முன் கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"இந்த பிளாஸ்டிக்கைக் கிழிக்கறது யாருன்னு எங்களுக்குள்ள ஒரு பேச்சுங்க. நாந்தான் கிழிப்பேன், போற அன்னிக்கு நாந்தான் கிழிப்பேன்னு சொல்லிட்டே இருப்பா. பதினோரு வருஷமா அதைக் கேலி பண்ணிட்டே இருந்தேன். பாவிங்க நான்."

வாத்தியாரம்மா காரைச் சுற்றி வந்தார். முன் சக்கரத்துக்குக் கிட்டே முட்டி போட்டுக் குனிந்தார். அங்கே ஓர் எலுமிச்சம்பழம் கிடந்தது. காய்ந்து கறுத்து, கோலிக்குண்டு அளவுக்குச் சுருங்கியிருந்தது. அதில் வைத்த குங்குமம் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அடுத்த சக்கரத்துக்கு முன்னாலும் ஒன்று. பின்னால் இரண்டு.

"தொட்றாதீங்க!" திருமூர்த்தி பதறிப்போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"தொடல."

"போன ஆயுத பூஜைக்கு அவ வெச்சதுங்க. அதுக்கப்புறந்தான் என்ற காலு போச்சு, அப்புறம் அவளே போயிட்டா. கூட்ட வர்ற பொம்பளைகிட்டக்கூட இந்தப் பக்கம் வரக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கேன். போன வாரம் தெரியாம விளக்கமாத்த நீட்டிட்டா. கையெடுத்துக் கும்புட்டு நிறுத்தினேன்."

"ம்."

"வெச்சுட்டு என்ன சொன்னா தெரியுமுங்களா? 'இந்த வருசமாச்சும் ஏத்தீருங்க'ன்னா. அடுத்த வருசம் பாத்துக்கலாம்னு சொல்லிட்டு உள்ள காப்பி குடிக்கப் போயிட்டேன்." சக்கரத்தடியைக் கை காட்டினார். "இப்பச் சொல்லுங்க. பெங்களூர்க்காரருக்குத் தந்தா, அவரு லாரியில ஏத்தறப்ப இது நசுங்கிரும். ஒர்க்ஷாப்புக்கு அனுப்புனாலும் நசுங்கிரும். பொறுக்கி எடுத்து டப்பாவுல போட்டு வெக்கலாம்னா, அவ வெச்ச எடத்துலிருந்து எடுக்கக் கை வரமாட்டீங்குது. வண்டிய வெட்டறது அப்புறமுங்க. இதை நான் என்னுங்க பண்றது?"

வெளியே தெருவில் எவனோ சைலன்சரைப் பிடுங்கிவிட்ட பைக்கில் போனான். அந்தச் சத்தம் அடங்கும் வரைக்கும் வாத்தியாரம்மா முட்டி போட்டபடியே பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணிலும் தண்ணீர். வசந்தாமணிக்கும் ஒரு காலத்தில் அவர்தான் ஸ்கூட்டர் பழக்கியவர்.

எழுந்து சேலையில் ஒட்டிய தூசியைத் தட்டினார்.

"திருமூர்த்தியண்ணா."

"சொல்லுங்க."

"அவ இதை எதுக்கு வெச்சா?"

வாத்தியாரம்மா ஷட்டரை இறக்காமல் போனார். திருமூர்த்தி கதவைப் பிடித்தபடி, சக்கரத்தடியைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றார்.