மாமரத்துக்குப் போன உத்தரவு

மருதங்காவு மகாராஜாவுக்குத் துரையிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. தாசில்தாரை நீக்கியாயிற்று என்று சொல்லி, 'வித் இமீடியட் எஃபெக்ட்' என்று முடிந்திருந்தது. கடிதம் எழுதும் ராயசம் அம்பலவாணர் பொருள் சொன்னார்: "முத்திரை விழுந்த கணமே அமல், மகாராஜா."

மன்னருக்கு அந்தச் சொல் தித்தித்துவிட்டது. அதன்பின் அது இல்லாமல் அரண்மனையில் ஓர் உத்தரவும் முடிவதில்லை. யானையின் சளி குணமாக வேண்டும், வித் இமீடியட் எஃபெக்ட். மாமியார் கோபம் தணிய வேண்டும், வித் இமீடியட் எஃபெக்ட்.

"அது இங்கெல்லாம் பொருந்தாது, மகாராஜா."

"துரைக்குப் பொருந்தும், எனக்குப் பொருந்தாதோ? எழுதும் ஓய்."

தை மாதம் துரை விருந்துக்கு வருவதாக இருந்தது. தோட்டத்து மாமரம் காய்க்கும்படி உத்தரவு போனது. மரம் அசையவில்லை. ஞாயிறு காலைக்குள் காய்க்காவிட்டால் தோட்டக்காரன் மாசாணத்துக்குச் சிறை என்று இன்னோர் உத்தரவும் எழுதவைத்தார் மன்னர்.

"மரத்துக்கிட்ட நானே படிச்சுக் காட்டுனேன் சாமி, பூக்கக்கூட இல்ல" என்று மாசாணம் ராயசத்திடம் அழுதான்.

மறுநாள் சனிக்கிழமை. மன்னருக்கு எண்ணெய்க் குளியல். அன்றைக்குக் காகிதத்தைத் தொடமாட்டார், படிக்கவும் மாட்டார். "நம்ம சொல் இருக்கா?" என்று கேட்பார், இருந்தால் மோதிர முத்திரையை அழுத்துவார். அம்பலவாணர் ஒரு தாளை நீட்டினார். சொல் இருந்தது. முத்திரை விழுந்தது.

கொஞ்ச நேரத்தில் மன்னர் வெந்நீர் கேட்டார். வரவில்லை. கத்தினார். காவலன் எட்டிப் பார்த்து, "மன்னிக்கணும். ராஜா மாசாணம் இன்னும் உத்தரவு கொடுக்கலீங்க" என்றான்.

கோவணமும் எண்ணெயுமாகச் சபைக்கு ஓடினார். சிம்மாசனத்தின் நுனியில் மாசாணம் உட்கார்ந்திருந்தான்.

"ராயசம், என்ன கூத்து இது?"

"தங்கள் உத்தரவுதான். 'சிம்மாசனத்தை மாசாணத்துக்கு அளித்தேன், வித் இமீடியட் எஃபெக்ட்.' இத்தனை நாளில் அந்தச் சொல்லைச் சரியான இடத்தில் போட்டது இன்றைக்குத்தான், மகாராஜா. ஆளை ஏற்றவும் இறக்கவும் அது போதும். மரமும் மாமியாரும் அதற்குக் கட்டுப்படமாட்டார்கள்."

மன்னர் பல்லைக் கடித்தார். "டேய் மாசாணம், இதை எப்பத் திருப்பித் தருவே?"

மாசாணம் யோசித்தான். "மாமரம் காய்க்கட்டும் சாமி, தந்துர்றேன்."

மன்னரின் தாடையிலிருந்து எண்ணெய் சொட்டியது. பிறகு தொந்தி குலுங்கச் சிரித்தார். சனிக்கிழமை என்றும் பாராமல் சிறை உத்தரவை அங்கேயே கிழித்தார். மாசாணம் ஒரே தாவலில் கீழே இறங்கினான். ராயசத்துக்கு ஒரு கூடை மாம்பழம் பரிசு என்று மன்னர் தம் கையாலேயே எழுதினார். கடைசி வரிக்கு வந்ததும் பேனா கொஞ்சம் நின்றது.

'சித்திரையில்' என்று முடித்தார்.