எருமைக்குக் காய்ச்சல், மூன்று பேருக்கு நாக்கு

மசக்கல்பாளையத்தில் அறிவாளிகள் மூன்று பேர். மற்றவர்கள் இவர்களைவிட மோசம். அதனால் கதைக்கு இவர்களே போதும்.

நாச்சிமுத்துவின் எருமை காலையிலிருந்து தீனி எடுக்கவில்லை. காது கொதித்தது. அவன் வீட்டில் அடுப்பு எரிவதே அந்த எருமைப் பாலால்தான். மாட்டு டாக்டருக்குப் போன் போட்டான்.

"சாயங்காலம்தான் வர முடியும். அதுக்குள்ள ஒரு தெர்மாமீட்டர் வாங்கிக் காய்ச்சல் பாத்து வையுங்க," என்றார் அவர்.

வாங்கலாம். கடையில் கேட்க வேண்டுமே! போன வருசம் குப்பண்ணன் டவுனில் 'பிஸ்கோத்து' கேட்டான். கடைக்காரர் சிரித்துவிட்டார். அன்று போட்டது சட்டம். இங்கிலீஷ் வார்த்தையைச் சரியாகச் சொல்லப் பழகாமல் எவனும் பஸ் ஏறக் கூடாது.

"டெர்மாமீட்டரு," என்றான் குப்பண்ணன்.

"இல்லீங்ணா, தர்மாமீட்டரு," என்றான் ரங்கன்.

"என்ற எருமை சாகக் கெடக்குதுடா!" என்றான் நாச்சிமுத்து.

"எருமை போனா இன்னொண்ணு வாங்கலாம். கடைக்காரன் சிரிச்சா மானத்தை எங்கடா வாங்குவே?" என்றான் குப்பண்ணன்.

மூவரும் ஸ்டெல்லா டீச்சரிடம் போனார்கள். டீச்சர் பாவம், பொறுமைசாலி.

"ட-வும் இல்ல, த-வும் இல்ல. நாக்கு நுனியைப் பல்லுக்கு நடுவுல வெச்சுக் காத்தை விடணும். வெச்சீங்களா? அதான் சரியான இடம். கடையில சொல்ற வரைக்கும் விட்றாதீங்க."

விடவில்லை.

பஸ்ஸில் கண்டக்டர், "எங்கே போகணும்?" என்றார். மூன்று நாக்குகள் பதில் சொல்லாமல் நீட்டிக்கொண்டிருந்தன. தனக்குப் பழிப்புக் காட்டுகிறார்கள் என்று இறக்கிவிட்டார். மிச்சம் நாலு மைல். நடந்தார்கள். நல்ல வெயில். வழியில் ரங்கனின் நாக்கில் ஈ உட்கார்ந்தது. விரட்டப் போய் நாக்கு நகர்ந்துவிட்டால்? ஈயும் டவுன் வரை கூடவே வந்தது.

மருந்துக்கடைக்காரர் மூன்று காய்ந்த நாக்கைப் பார்த்துப் பதறிவிட்டார். "காய்ச்சலா?" என்று நாச்சிமுத்துவின் வாயில் தெர்மாமீட்டரைச் சொருகினார். காய்ச்சல் இல்லை. நாச்சிமுத்து அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். காசைக் கொடுத்தான், வந்துவிட்டார்கள். வார்த்தையைச் சொல்லும் வேலையே வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் டாக்டர் போன் செய்தார். "வாங்கியாச்சா? எருமைக்குப் பின்னாடி வெச்சுப் பாருங்க."

எருமைக்குப் பின்னால் தரையில் வைத்தார்கள். மூவரும் குத்தவைத்துப் பார்த்தார்கள். டாக்டர் பைக்கில் வந்து இறங்கும்போதும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

டாக்டர் ஊசியை எடுத்தார். "எவ்வளவு காய்ச்சல்? அந்தத் தெர்மாமீட்டரை எடுங்க."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"த-ங்கறாரு," என்றான் ரங்கன்.

"போன்ல சொன்னப்பவே எனக்குச் சந்தேகம்," என்ற குப்பண்ணன் எருமையை மறித்து நின்றான். "ஏனுங்க, நாக்கு பல்லுக்கு நடுவுலயே வரலியே. நெசமாவே படிச்சவருங்களா நீங்க? சரியாச் சொல்லுங்க. அப்பறம் ஊசி."

"யோவ், தள்ளுய்யா! எருமை செத்துரும்!"

"சொல்லிப்போடுங்க சாமி," நாச்சிமுத்து அழுதே விட்டான். "ஒரே ஒரு தடவை."

எருமையின் தலை தொங்கிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லை. டாக்டர் குனிந்து, நாக்கைப் பல்லுக்கு நடுவில் வைத்து, "த்..." என்றார்.

எருமை தலையைத் தூக்கியது. கொம்படி நேராக அவர் தாடையில் விழுந்தது.

நறுக்.

மனுசன் கடிபட்ட நாக்கோடு ஊசியைப் போட்டார். அரை மணி நேரத்தில் எருமை சோளத்தட்டில் வாய் வைத்தது. டாக்டரின் நாக்குதான் வீங்கிப்போய் உள்ளே போக மறுத்தது. கண்ணில் நீரோடு பைக்கை உதைத்துக் கிளம்பினார்.

மூவரும் கைகட்டி நின்று பார்த்தார்கள்.

"படிச்சவர் படிச்சவர்தான்டா," என்றான் குப்பண்ணன். "டவுன் வரைக்கும் விடாமப் போறாரு பாரு."