கறுப்புப் பைக்குள் இரண்டு கைகள்

தோல் தொழிற்சாலையின் கழிவுத் தொட்டிக்குள் இறங்கிய இருவர் மூச்சுத் திணறிச் செத்துப்போனார்கள். மறுநாள் காலை, அங்கே வேலை செய்யும் மாசிலாமணி தன் ஆசிரியை நஸ்ரீனிடம் ஓடி வந்தார். அவரைவிடப் பதினைந்து வயது இளையவள் அவள். ஞாயிறுதோறும் அவளிடம்தான் பிலிம் கழுவக் கற்று வந்தார்.

“குடிச்சிட்டு அவனுங்களே விழுந்துட்டானுங்களாம் டீச்சர். நாங்க யாரையும் தொட்டிக்குள்ள இறக்கினதே இல்லைன்னு முதலாளி போலீஸ்ல எழுதிக் கொடுத்துட்டான். செத்துப்போன தணிகாசலம் வெத்தலைகூடப் போட மாட்டான்!”

போன வாரம் எடுத்த படச்சுருளை மேஜைமேல் வைத்தார். தொழிற்சாலை வாசலிலேயே செல்போனைப் பிடுங்கிக்கொள்வார்கள். சாப்பாட்டுத் தூக்குக்குள் சின்னக் கேமராவை ஒளித்துக் கொண்டுபோயிருந்தார்.

நஸ்ரீன் வெளிச்சம் புகாத கறுப்புப் பைக்குள் பிலிம் கழுவும் டாங்க், பிலிமைச் சுற்றும் ரீல், படச்சுருள் எல்லாவற்றையும் வைத்து மூடினாள்.

“நீங்களே சுத்துங்க அண்ணே.”

“நான் செஞ்சு கெட்டுப்போச்சுன்னா? நீங்க செய்யுங்க.”

“எடுத்தது நீங்க. கழுவினது யாருன்னு நாளைக்குப் போலீஸ் கேக்கும்.”

பையின் இரு துளைகளிலும் கைவிட்டார். பாதி சுற்றியதும் வியர்வையில் பிலிம் ரீலோடு ஒட்டிக்கொண்டது.

“சிக்கிக்கிச்சு!” என்று கத்தினார். “ரெண்டு உசுரு போயிருக்கு. நீங்க பாட்டுக்குப் பாடம் நடத்துறீங்க. உங்களுக்குக் கோபமே வராதா?”

அவர் கையை உருவப் பார்த்தார். அவள் பையோடு சேர்த்து அவர் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

“இப்ப உருவினா வெளிச்சம் உள்ளே போகும். அப்புறம் முதலாளி சொன்னதுதான் நிஜம். பிலிமை டாங்குக்குள்ள போட்டு மூடியை இறுக்குங்க. கையைத் துடைச்சுட்டு வாங்க.”

குழாயில் முகம் கழுவி, கையைத் துடைத்துவிட்டு வந்து மறுபடி பைக்குள் கைவிட்டார். இந்த முறை பிலிம் வழுக்கிக்கொண்டு ரீலில் ஏறியது.

டாங்குக்குள் ஊற்றும் கழுவு மருந்தின் சூட்டை அவள் இரண்டு தடவை பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு அவர் டாங்கைக் கவிழ்த்துக் கவிழ்த்து நிமிர்த்தினார்.

ஈரப் பிலிமை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். கறுப்பும் வெளுப்பும் மாறியிருந்தாலும் ஆள் தெரிந்தது. இடுப்பளவு கழிவில் தணிகாசலம். விளிம்பில் நின்று விரல் நீட்டி ஏவும் சூப்பர்வைசர்.

மாசிலாமணி அவள் பக்கம் திரும்பினார்.

“இப்பவாச்சும் கத்தலாமா டீச்சர்?”

நஸ்ரீன் பிலிமை வாங்கிக் கொடியில் மாட்டினாள்.

“காயட்டும் அண்ணே. ஸ்டேஷன் வாசல்ல நின்னு கத்தலாம். என் குரல் உங்களைவிடப் பெருசு.”