'இல்லை' சொல்லாத மருந்துக்கடை

மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில் சொக்கன் என்றொரு குரங்கு மருந்துக்கடை வைத்திருந்தது, குழந்தைகளே. கெட்டிக்காரக் குரங்குதான்; புல்லாங்குழல்கூட வாசிக்கும். ஆனால் 'இல்லை' என்ற சொல் மட்டும் அதன் வாயில் வரவே வராது. கடைக்கு வந்தவர் வெறுங்கையோடு திரும்பினால் அதற்கு மானமே போய்விடும்!

ஒரு நாள் காலை, நாதஸ்வரம் வாசிக்கும் கீரி பிச்சாண்டி, வைத்தியரின் சீட்டோடு வந்தது.

"தம்பி, என் இளைப்புக்கு அழுத்துக் குழல் ஒண்ணு கொடு. சாயங்காலம் கரடி வீட்டுக் கல்யாணத்துல வாசிக்கணும்."

அழுத்துக் குழலின் தலையை அழுத்தினால் மருந்து புகையாய் வரும்; மூச்சை மெதுவாக இழுத்தால் போதும். அது சொக்கனிடம் தீர்ந்துபோயிருந்தது. அடுத்த மேட்டில் முள்ளம்பன்றி கடையில் நிறைய இருந்தது. அங்கே அனுப்புவதா? நன்றாயிருக்கிறதே நியாயம்!

சொக்கன் ஓர் உறிஞ்சு குழலை எடுத்து நீட்டியது. அதில் மருந்து பொடியாக இருக்கும். பலமாக உறிஞ்சினால்தான் வெளியே வரும்.

"இது வேற மாதிரி இருக்கே?" என்றது கீரி.

"சட்டைதான் வேற, அண்ணே! உள்ளே அதே மருந்து. தைரியமா எடுத்துட்டுப் போங்க!"

சாயங்காலம் மாப்பிள்ளை ஊர்வலம் ஜேஜே என்று கிளம்பியது. சொக்கன்தான் முன்வரிசை. பாதி வழியில் பிச்சாண்டிக்கு இளைப்பு வந்துவிட்டது. புதுக் குழலை எடுத்து, வழக்கம்போலத் தலையை அழுத்தி, மெதுவாக மூச்சை இழுத்தது. ஊஹூம்! மறுபடியும் இழுத்தது. ஒன்றும் வரவில்லை. ஐயோ பாவம், நெஞ்சு 'கீச்கீச்' என்று கத்த, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது.

"என்னத்தைக் கொடுத்தே இவருக்கு?" என்று சொக்கனைப் பிடித்துக்கொண்டது பிச்சாண்டியின் மனைவி பொன்னி.

"அதே மருந்துதான் அக்கா, சத்தியமா!"

பொன்னி சட்டென்று நாதஸ்வரத்தைச் சொக்கன் கையில் திணித்தது.

"நீ புல்லாங்குழல் வாசிக்கிறவன்தானே? இதை வாசி பார்ப்போம். இதுக்குள்ளே போறதும் அதே காத்துதான்!"

சொக்கன் கன்னம் வீங்க ஊதியது. 'பிர்ர்ர்...' என்றது நாதஸ்வரம். கல்யாணக் கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"இதை ஊதுற விதமே வேற அக்கா, அது எனக்குப் பழக்கம்..." என்று ஆரம்பித்த சொக்கன், கீரியின் கையிலிருந்த குழலைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டது. "ஐயோ, இதைப் பலமா உறிஞ்சணுமே! இளைக்கிறவர் எங்கே உறிஞ்சுவார்?" அடுத்த நொடி மரத்துக்கு மரம் தாவி முள்ளம்பன்றி கடைக்குப் பறந்தது.

"முள்ளண்ணே, என் கடையில அழுத்துக் குழல் இல்லை! சீக்கிரம் ஒண்ணு கொடுங்க!"

போன வேகத்தில் திரும்பி வந்து, தன் கையாலேயே குழலைப் பிச்சாண்டியின் வாயில் வைத்தது. ஓர் அழுத்து, ஒரு மூச்சு. இன்னும் ஒன்று. கீரியின் முகம் மெல்லத் தெளிந்தது. சொக்கனுக்கு அப்போதுதான் உயிரே வந்தது.

கொஞ்ச நேரம் இளைப்பாறிய பிச்சாண்டி எழுந்து ஊர்வலத்துக்கான மல்லாரி இசையை வாசித்தது பாருங்கள், மணப்பெண் கரடியே வெட்கத்தை விட்டுக் குதித்து ஆடியது!

நீதி: கேட்டது இல்லையென்றால் இல்லை என்று சொல், வேறொன்றைக் கொடுத்து அதுதான் இது என்று சாதிக்காதே.